மறுக்கத் தெரிந்த சர்வர்: முதன்முறையாக டேட்டாபேஸ் அமைப்பவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டேட்டாபேஸ் சர்வரை, அதாவது தரவைச் சேமித்து, கேட்பவர்களுக்கு எடுத்துத் தரும் நிரலை, நிறுவுவது பத்து நிமிட வேலை. அதற்குள் எதை, எப்படி வைப்பது என்று முடிவெடுக்கத்தான் நாள் கணக்கில் ஆகும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரு நாள் முழுக்க நிறுவலோடு மல்லுக்கட்டிவிட்டு, டேபிள்களை அரை மணி நேரத்தில் போட்டு முடித்துவிடுகிறார்கள்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் முதல் டேபிளில் தொலைபேசி எண்ணை எண் வகைப் புலமாக (புலம் என்றால் டேபிளின் ஒரு நெடுவரிசை) வைத்திருந்தேன். பூஜ்யத்தில் தொடங்கிய எண்களெல்லாம் அந்தப் பூஜ்யத்தை இழந்துவிட்டன. பல வாரங்கள் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் சர்வர் ஒரு குறையும் சொல்லவில்லை. கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டது.

எக்செல் தாள் எதையும் மறுக்காது. டேட்டாபேஸ் மறுக்கும். ஆனால் எதை மறுக்க வேண்டும் என்று நாம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். தவறான தரவு, தவறான ஆள், தவறான கட்டளை ஆகிய மூன்றையும் வாசலிலேயே நிறுத்தும் சர்வரை எப்படி அமைப்பது என்பதுதான் இங்கே விஷயம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சிறிய இரவல் நூலகத்தை வைத்துக்கொள்வோம். நூல்கள், உறுப்பினர்கள், யார் எதை எடுத்துப் போனார்கள் என்ற பதிவு, அவ்வளவுதான். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது அவற்றின் ஆங்கில எழுத்துகளைப் பயன்படுத்துங்கள்.

படி 1: சர்வர் தேவையா?

ஒரே கணினி, ஒரே செயலி, எழுதுவது ஒரே ஆள் என்றால் சர்வரே வேண்டாம், எஸ்கியூலைட் போதும். 2000-இல் ரிச்சர்ட் ஹிப் உருவாக்கிய அது முழு டேட்டாபேஸையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளும். தனியாக ஓடும் சர்வர் கிடையாது, பயனர் கணக்கு கிடையாது, நெட்வொர்க் வழியாக உள்ளே வர போர்ட் என்ற வாசல் எண் கிடையாது. எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே சமயத்தில் படிக்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும்.

பல கணினிகளிலிருந்து ஒரே சமயத்தில் எழுத வேண்டும், ஆளுக்கேற்ப அனுமதி மாற வேண்டும் என்ற நிலை வந்தால் சர்வர் தேவை. நம் நூலகத்தில் இரண்டு மேசைகளில் இருவர் உட்கார்ந்து நூல் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் தேவைதான்.

படி 2: எந்த டேட்டாபேஸ்?

1970-இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் முன்வைத்த தொடர்புசார் மாதிரிதான் இன்றைய பெரும்பாலான டேட்டாபேஸ்களுக்கு அடிப்படை. தரவை டேபிள்களாகப் பார், அது வட்டில் எங்கே கிடக்கிறது என்பது உன் கவலை அல்ல என்பது அதன் சாரம். அந்த வழியில் வந்த இலவச சர்வர்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, 1986-இல் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கி, 1996-இல் இப்போதைய பெயரைப் பெற்ற போஸ்ட்கிரெஸ்கியூஎல். இன்னொன்று 1995-இல் வந்த மைஎஸ்கியூஎல். மரியாடிபி பின்னதிலிருந்து கிளைத்தது.

இரண்டிலும் நூலகம் நடத்தலாம். ஆனால் புதியவருக்கு நான் போஸ்ட்கிரெஸைத்தான் சொல்வேன். காரணம் வேகம் அல்ல. மைஎஸ்கியூஎல்லில் 8.0.16 பதிப்புக்கு முன்புவரை, 'செக்' விதி (மதிப்பு சரியானதா என்று பார்க்கும் நிபந்தனை) எழுதினால் சர்வர் அதைப் பிழையின்றி ஏற்றுக்கொள்ளும், பிறகு கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். விதி இருக்கிறது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள், உண்மையில் இருக்காது. இப்போது அது சரிசெய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் கண்டிப்பு விஷயத்தில் போஸ்ட்கிரெஸ் தொடக்கத்திலிருந்தே கறார். கற்றுக்கொள்கிறவருக்குக் கறாரான ஆசிரியர்தான் நல்லது.

படி 3: கணினியை மூடிவிட்டுத் தாளை எடுங்கள்

நூலகத்தில் என்னென்ன 'பொருள்கள்' உள்ளன? யாரைக் கேட்டாலும் நூல், உறுப்பினர், இரவல் என்று மூன்றைச் சொல்வார்கள். எழுதிக்கொள்ளுங்கள். இப்போது அந்த மூன்றையும் தொந்தரவு செய்யும் கேள்விகளைக் கேளுங்கள்.

ஒரே நூலுக்கு நான்கு பிரதிகள் இருந்தால் என்ன செய்வது? உறுப்பினர் எடுத்துப் போவது 'நூலை' அல்ல, அட்டையில் எண் ஒட்டிய ஒரு குறிப்பிட்ட பிரதியை. ஆகவே நூல் வேறு, பிரதி வேறு. தலைப்பும் பதிப்பாண்டும் நூலுக்குச் சொந்தம். கிழிந்திருக்கிறதா, எந்த அலமாரி என்பதெல்லாம் பிரதிக்குச் சொந்தம். இந்த ஒரு பிரிப்பைச் செய்யாமல் ஆறு மாதம் ஓடிவிட்டால், பிறகு சரிசெய்வது மிகவும் வலிக்கும். தரவு மாதிரி வடிவமைப்பில் பாதிப் பிழைகள் இந்த வகைதான். இரண்டு வேறு பொருள்களுக்கு நம் பேச்சுவழக்கில் ஒரே சொல் இருக்கும், நாமும் ஒரே டேபிள் போட்டுவிடுவோம்.

அடுத்தது, ஒரு நூலை இருவர் சேர்ந்து எழுதியிருந்தால்? 'ஆசிரியர் 1', 'ஆசிரியர் 2' என்று இரண்டு புலங்கள் வைக்கத் தோன்றும். மூவர் எழுதிய நூல் வந்ததும் அது உடையும். ஒரே புலத்தில் காற்புள்ளி போட்டு எழுதத் தோன்றும். 'இவர் எழுதிய எல்லா நூல்களும்' என்று தேடும்போது அது உடையும். ஓர் ஆசிரியர் பல நூல்களை எழுதலாம், ஒரு நூலுக்குப் பல ஆசிரியர்கள் இருக்கலாம். இந்தப் பலவுக்குப் பல உறவுக்கு வழி ஒன்றுதான்: இடையில் ஓர் இணைப்பு டேபிள். அதில் நூலின் அடையாளமும் ஆசிரியரின் அடையாளமும் மட்டும் இருக்கும்.

மூன்றாவது கேள்வி: ஒரே தகவலை இரண்டு இடத்தில் எழுதுகிறோமா? இரவல் டேபிளில் உறுப்பினரின் பெயரையும் முகவரியையும் சேர்த்து எழுதினால், அவர் வீடு மாறும்போது எத்தனை வரிசைகளைத் திருத்துவீர்கள்? ஒன்று விட்டுப்போனால் எது உண்மை முகவரி? இரவலில் உறுப்பினரின் அடையாள எண் மட்டும் இருந்தால் போதும். நார்மலைசேஷன் என்று பாடப்புத்தகங்கள் பல நிலைகளாகச் சொல்வதன் நடைமுறைப் பொருள் இதுதான்: ஓர் உண்மைக்கு ஓர் இடம்.

இங்கே ஒரு நுணுக்கம். திருப்பித் தர வேண்டிய கெடு நாளைச் சேமிப்பதா, எடுத்த நாளோடு 14 நாட்களைக் கூட்டிக் கணக்கிடுவதா? கணக்கிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அடுத்த ஆண்டு நூலகம் தவணையை 21 நாளாக்கினால், பழைய இரவல்களின் கெடுவும் சேர்ந்து மாறிவிடும். கொடுத்த அன்று உறுப்பினரிடம் சொன்ன நாள் ஒரு வரலாற்று உண்மை, அதைச் சேமியுங்கள். 'கெடு தாண்டிவிட்டது' என்ற நிலை அப்படியல்ல, அது நாளுக்கு நாள் மாறும். அதைச் சேமித்தால் நள்ளிரவு தாண்டியதுமே பொய்யாகிவிடும். கேட்கும்போது கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது தாளில் ஆறு பெட்டிகள் இருக்கும்: நூல், ஆசிரியர், நூல்-ஆசிரியர் இணைப்பு, பிரதி, உறுப்பினர், இரவல். டேபிள்களுக்கும் புலங்களுக்கும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் பெயர் வையுங்கள், சொற்களுக்கிடையே அடிக்கோடு. பேரெழுத்து கலந்தால் ஒவ்வொரு முறையும் மேற்கோள் குறி போட வேண்டிவரும். 'யூசர்', 'ஆர்டர்' போன்ற பெயர்கள், டேட்டாபேஸுக்குக் கட்டளையிடும் எஸ்கியூஎல் மொழி தனக்கென ஒதுக்கிக்கொண்டவை, அவற்றைத் தொடாதீர்கள்.

படி 4: ஒவ்வொரு புலத்துக்கும் சரியான வகை

அடையாள எண்ணில் தொடங்குவோம். ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரு பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் புலம், வேண்டும். நூலுக்கு, அதன் சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னையே வைத்தால் என்ன என்று தோன்றலாம். ஐஎஸ்பிஎன் 1970-இல்தான் சர்வதேசத் தரமானது, அதற்கு முந்தைய பழைய நூல்கள் பலவற்றில் அது இருக்காது. 2007 வரை 10 இலக்கம், அதற்குப் பின் 13. பத்திலக்க எண்ணின் கடைசி இடத்தில் 'எக்ஸ்' என்ற எழுத்தும் வரலாம். வெளியுலகம் தீர்மானிக்கும் எண் எதையும் பிரைமரி கீ ஆக்காதீர்கள். சர்வரே வரிசையாக எண் கொடுக்கட்டும். போஸ்ட்கிரெஸில் அதற்கு 'பிக்இன்ட்' வகையோடு 'ஜெனரேட்டட் ஆல்வேஸ் ஆஸ் ஐடென்டிட்டி' என்று எழுத வேண்டும். சாதாரண 'இன்டிஜர்' 2,147,483,647-இல் முடிந்துவிடும். நூலகத்துக்கு அது போதும் என்றாலும், பின்னால் வகையை மாற்றும் தொல்லையை நினைத்து முதலிலேயே பெரியதை எடுத்துக்கொள்வது என் பழக்கம். நடுவில் சில எண்கள் விட்டுப்போயிருப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள். தோற்றுப்போன பதிவுகளும் ஓர் எண்ணைத் தின்றுவிடும்.

தொலைபேசி எண்ணும் ஐஎஸ்பிஎன்னும் எண்கள் போலத் தெரியும் எழுத்துகள். கூட்டிக் கழிக்காத எதுவும் எண் அல்ல. 'டெக்ஸ்ட்' வகை போதும்.

அபராதத் தொகைக்கு 'நியூமெரிக்'. 'ஃப்ளோட்' வேண்டவே வேண்டாம். அது பயன்படுத்தும் இரும எண்முறையில் 0.1 என்பதைத் துல்லியமாக எழுத முடியாது. 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004 வரும். ஒரு வரிசையில் இது தெரியாது, பல்லாயிரம் வரிசைகளின் கூட்டுத்தொகையில் கணக்கு இடிக்கும்.

நாள் மட்டும் போதும் என்றால் 'டேட்'. நேரமும் வேண்டும் என்றால் நேர மண்டலத்தோடு கூடிய 'டைம்ஸ்டாம்ப்டிஇசெட்'. அது உள்ளே உலகப் பொது நேரமாகவே சேமிக்கும், காட்டும்போது உங்கள் நேரத்துக்கு மாற்றித் தரும்.

இனி, தமிழில் தரவு வைக்கிறவர்கள் கட்டாயம் அறிய வேண்டியது. டேட்டாபேஸை உருவாக்கும்போது என்கோடிங் (எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் முறை) யூடிஎஃப்-8 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். மைஎஸ்கியூஎல் என்றால் 'யூடிஎஃப்8எம்பி4' என்பதையே தேர்ந்தெடுங்கள். அங்கே வெறும் 'யூடிஎஃப்8' என்பது ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுக்கு மேல் தாங்காத அரைகுறை வடிவம். தமிழ் தப்பிக்கும், எமோஜி தப்பிக்காது.

அடுத்தது நீளம். 'தமிழ்' என்ற சொல்லுக்கு நம் கணக்கில் மூன்று எழுத்து. யூனிகோட் கணக்கில் ஐந்து குறியீடுகள், ஏனென்றால் இகரக் கொக்கியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். வட்டில் 15 பைட்டுகள். ஆங்கிலப் பெயர்களை மனதில் வைத்து 'வார்சார் 20' என்று எல்லை போட்டால் நீளமான தமிழ்ப் பெயர்கள் உள்ளே வராது. போஸ்ட்கிரெஸில் 'டெக்ஸ்ட்' வகைக்கும் 'வார்சார்' வகைக்கும் வேகத்தில் வேறுபாடு இல்லை. காரணமில்லாத எல்லையைப் போடாதீர்கள்.

இன்னொரு கண்ணி, கண்ணுக்குத் தெரியாதது. 'கொ' என்பதை ஒகரக் குறியாக ஒரே குறியீட்டிலும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் தேடும்போது வெவ்வேறு. போஸ்ட்கிரெஸில் 13-ஆம் பதிப்பிலிருந்து 'நார்மலைஸ்' என்ற செயற்கூறு உண்டு. சேமிக்கும் முன் அதில் ஒருமுறை விட்டு எடுங்கள். 'ஔ' என்ற ஓரெழுத்துக்குப் பதில் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்துகளை அடிக்கும் பழக்கத்தை மட்டும் அது திருத்தாது. அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள், அதை மனிதர்தான் பார்க்க வேண்டும்.

அகர வரிசையும் அப்படித்தான். யூனிகோட் அட்டவணையில் மெய்கள் 'ய ர ற ல ள ழ வ' என்ற வரிசையில் இருக்கின்றன, நமக்கோ 'ய ர ல வ ழ ள ற ன'. குறியீட்டெண்படி அடுக்கினால் உறுப்பினர் பட்டியல் விநோதமாக இருக்கும். ஐசியு என்ற யூனிகோட் நிரல் தொகுப்போடு வரும் தமிழ்க் கொலேஷனை (அடுக்கும் வரிசை விதியை) பெயர்ப் புலத்துக்குக் கொடுத்தால் சரியாகிவிடும்.

படி 5: விதிகளை டேபிளிலேயே எழுதுங்கள்

'இதையெல்லாம் செயலியில் பார்த்துக்கொள்ளலாம்' என்பார்கள். இன்று ஒரு செயலி இருக்கும். நாளை ஒரு வலைத்தளம் வரும், இன்னொரு நாள் யாரோ ஒருவர் எக்செல்லில் இருந்து ஆயிரம் வரிசைகளை நேராக ஏற்றுவார். எல்லா வழிகளும் சேரும் இடம் டேட்டாபேஸ்தான். காவலாளி அங்கே நிற்க வேண்டும்.

'நாட் நல்': காலியாக விடக் கூடாத புலங்களுக்கு. நல் என்பது பூஜ்யமும் அல்ல, வெற்று எழுத்தும் அல்ல, 'தெரியாது' என்று பொருள். தெரியாத ஒன்றும் தெரியாத இன்னொன்றும் சமமா என்று கேட்டால் பதிலும் 'தெரியாது'தான். ஆகவே 'நல்' என்பதைச் சமக்குறி போட்டுத் தேடினால் எதுவும் கிடைக்காது, 'ஈஸ் நல்' என்று கேட்க வேண்டும். இதில் சறுக்காத தொடக்கநிலையாளரை நான் பார்த்ததில்லை. பழக்கமாக எல்லாப் புலத்துக்கும் நாட் நல் போட்டுவிட்டு, உண்மையாகவே காலியாக இருக்கக்கூடியவற்றில் மட்டும் எடுத்துவிடுங்கள்.

'யுனிக்': பிரதியின் ஒட்டு எண் இரண்டு பிரதிகளுக்கு இருக்கக் கூடாது.

'செக்': திரும்பி வந்த நாள், எடுத்த நாளுக்கு முந்தையதாக இருக்கக் கூடாது. அபராதம் பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது.

'ஃபாரின் கீ': இரவலில் உள்ள உறுப்பினர் எண், உறுப்பினர் டேபிளில் உண்மையில் இருக்க வேண்டும். இதை எழுதும்போது 'ஆன் டெலீட் கேஸ்கேட்' என்ற சொற்றொடர் உங்களை ஈர்க்கும். ஓர் உறுப்பினரை நீக்கினால் அவருடைய இரவல் வரலாறு முழுவதையும் சத்தமில்லாமல் சேர்த்து நீக்கிவிடும் வசதி அது. வேண்டாம். எதுவும் எழுதாமல் விட்டால், இரவல் பதிவுள்ள உறுப்பினரை நீக்க சர்வர் மறுக்கும், அதுதான் நமக்குத் தேவை. விலகிய உறுப்பினருக்கு 'விலகிய நாள்' என்று ஒரு புலம் வைத்தால் போயிற்று.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த விதி. ஒரே பிரதியை ஒரே நேரத்தில் இருவருக்குக் கொடுக்கக் கூடாது. இரண்டு மேசைகளில் இருவர் ஒரே விநாடியில் பொத்தானை அழுத்தினால்? 'முதலில் பிரதி உள்ளே இருக்கிறதா என்று பார், பிறகு பதிவு செய்' என்று செயலியில் எழுதியிருந்தால், இருவரும் பார்ப்பார்கள், இருவருக்கும் 'இருக்கிறது' என்று வரும், இருவரும் பதிவு செய்வார்கள். இதை டேபிளில் ஒரே வரியில் தடுக்கலாம். இரவல் டேபிளின் பிரதி எண் மீது ஒரு யுனிக் இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை, ஒரே மதிப்பை இருமுறை ஏற்காதது) போட்டு, அதன் கடைசியில் 'வேர்' சேர்த்து, திரும்பிய நாள் 'நல்' ஆக உள்ள வரிசைகளுக்கு மட்டும் என்று எழுதுங்கள். திரும்பாத இரவல் ஒரு பிரதிக்கு ஒன்றுதான் இருக்க முடியும். இரண்டாவது ஆளுக்குப் பிழைச் செய்தி போகும். திரும்பி வந்த பழைய இரவல்கள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம்.

இவ்வளவையும் ஒரு கோப்பில் 'கிரியேட் டேபிள்' கட்டளைகளாக எழுதி, கிட் போன்ற, கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி ஒன்றில் பத்திரப்படுத்துங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் எண்ணிட்ட புதிய கோப்பாக எழுதுங்கள். நேராக சர்வரில் கை வைத்து மாற்றும் பழக்கம் வந்துவிட்டால், ஓராண்டில் உங்கள் டேட்டாபேஸ் எப்படி இருக்கிறது என்பது டேட்டாபேஸுக்கு மட்டும்தான் தெரியும்.

படி 6: இப்போது நிறுவுங்கள்

லினக்ஸ் கணினி ஒன்று போதும். உபுண்டு அல்லது டெபியனில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் போஸ்ட்கிரெஸ்கியூஎல்' என்று அடித்தால் முடிந்தது, சர்வர் தானாக ஓடத் தொடங்கிவிடும். விண்டோஸுக்கு நிறுவி தனியாகக் கிடைக்கிறது, கற்றுக்கொள்ள அதுவும் போதும். வட்டு எஸ்எஸ்டியாக இருக்கட்டும். பணம் போடுவதென்றால் பிராசஸரைவிட நினைவகத்திலும் வட்டிலும் போடுங்கள்.

நிறுவியதும் 'போஸ்ட்கிரெஸ்' என்ற லினக்ஸ் பயனர் உருவாகியிருப்பார். 'சூடோ -யூ போஸ்ட்கிரெஸ் பிஎஸ்கியூஎல்' என்று அடித்தால் பாஸ்வேர்ட் கேட்காமல் உள்ளே விடும். பயந்துவிடாதீர்கள். இயங்குதளம் உங்களை ஏற்கெனவே அடையாளம் கண்டுவிட்டதால் சர்வர் அதை நம்புகிறது. வெளியிலிருந்து யாரும் அப்படி வர முடியாது.

படி 7: யார் உள்ளே வரலாம்?

போஸ்ட்கிரெஸ் என்ற அந்தப் பயனர் சூப்பர்யூசர். எந்த அனுமதிச் சோதனையும் அவரைக் கட்டுப்படுத்தாது. உங்கள் செயலி அந்தப் பெயரில் இணைந்தால், இதுவரை வைத்த காவல் பாதி வீண். மூன்று கணக்குகள் போடுங்கள்.

டேபிள்களுக்கு உரிமையாளராக ஒரு கணக்கு. அமைப்பை மாற்றும்போது மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். செயலிக்கு ஒரு கணக்கு. அதற்குத் தேவையான டேபிள்களில் படிக்க, சேர்க்க, திருத்த மட்டும் 'கிராண்ட்' கொடுங்கள். நம் வடிவமைப்பில் இரவலை நீக்கவே தேவையில்லை, ஆகவே 'டெலீட்' அனுமதியே வேண்டாம். மூன்றாவது, அறிக்கை எடுப்பவருக்குப் படிக்க மட்டும்.

அனுமதி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், பயனர் டைப் செய்ததை அப்படியே கட்டளையோடு ஒட்டி அனுப்பும் செயலி ஓட்டைதான், டைப் செய்ததோடு வேறொரு கட்டளையும் நுழைந்துவிடலாம். மதிப்புகளைத் தனியாக அனுப்பும் பாராமீட்டர் முறையிலேயே குவெரி (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கேள்வி அல்லது கட்டளை) எழுதுங்கள்.

அடுத்து நெட்வொர்க். இயல்பாக போஸ்ட்கிரெஸ் தன் சொந்தக் கணினியிலிருந்து வரும் இணைப்புகளை மட்டும், 5432 என்ற போர்ட்டில் கேட்கும். செயலியும் அதே கணினியில் இருந்தால் இதை மாற்றவே வேண்டாம். வேறு கணினியிலிருந்து வர வேண்டுமென்றால் 'லிசன் அட்ரசஸ்' அமைப்பில் உள் நெட்வொர்க் முகவரியைச் சேர்த்து, சர்வரை மறுதொடக்கம் செய்யுங்கள். பிறகு 'பிஜி எச்பிஏ' கோப்பில், எந்த டேட்டாபேஸுக்கு, எந்தப் பயனர், எந்த முகவரியிலிருந்து, எந்த முறையில் நுழையலாம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். முறை 'ஸ்க்ராம்-எஸ்எச்ஏ-256' ஆக இருக்கட்டும். அந்தக் கோப்பை சர்வர் மேலிருந்து கீழாகப் படித்து, பொருந்தும் முதல் வரியோடு நின்றுவிடும். தாராளமான வரி மேலே இருந்தால் கீழே எழுதிய கண்டிப்புக்குப் பயனில்லை. இணையத்தில் தேடினால் 'டிரஸ்ட்' என்று போடச் சொல்லும் அறிவுரைகள் கிடைக்கும். பாஸ்வேர்டே இல்லாமல் எவரையும் விடு என்பதுதான் அதன் பொருள்.

5432-ஐ நேராக இணையத்துக்குத் திறக்காதீர்கள். 2017 ஜனவரியில், பாஸ்வேர்ட் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மோங்கோடிபி டேட்டாபேஸ்களைத் தானியங்கி நிரல்கள் தேடிக் கண்டுபிடித்து, தரவை அழித்துவிட்டு, பிணைத்தொகை கேட்கும் குறிப்பை விட்டுப்போயின. வெளியிலிருந்து வேலை செய்ய வேண்டுமென்றால் பாதுகாப்பான மறை இணைப்புகளான எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாகவோ விபிஎன் வழியாகவோ வாருங்கள்.

படி 8: அமைப்புகளில் சிலவற்றை மட்டும் தொடுங்கள்

'ஷேர்ட் பஃபர்ஸ்', அதாவது தரவைக் கையருகே வைக்க சர்வர் எடுத்துக்கொள்ளும் நினைவகம், இயல்பாக 128 எம்பி. சர்வருக்கே ஒதுக்கிய கணினி என்றால் நினைவகத்தில் கால் பங்கு கொடுக்கலாம். 'மேக்ஸ் கனெக்ஷன்ஸ்' இயல்பு 100, அதைக் கூட்டத் தோன்றினால் முதலில் இணைப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பூலிங் முறையைப் பாருங்கள், ஏனென்றால் ஒவ்வோர் இணைப்புக்கும் தனி பிராசஸ் ஓடுகிறது. எழுதியது வட்டில் உறுதியாகச் சேர்வதைப் பார்த்துக்கொள்ளும் 'எஃப்சிங்க்' என்பதை அணைத்தால் வேகம் கூடும் என்று யாராவது சொல்வார்கள். மின்சாரம் போனால் முழு டேட்டாபேஸும் சிதையலாம் என்பதைச் சொல்ல மாட்டார்கள். மற்றதை அப்படியே விடுங்கள்.

படி 9: இண்டெக்ஸ்

பிரைமரி கீ, யுனிக் இரண்டுக்கும் இண்டெக்ஸ் தானாக வரும். ஃபாரின் கீ புலங்களுக்கு போஸ்ட்கிரெஸ் தானாகப் போடாது. மைஎஸ்கியூஎல்லில் இருந்து வருகிறவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். இரவலில் உறுப்பினர் எண்ணுக்கு ஒன்று போடுங்கள். மற்றவற்றை, மெதுவாக ஓடும் குவெரி கண்ணில் பட்ட பிறகு பார்க்கலாம். ஒவ்வோர் இண்டெக்ஸும் எழுதும் வேகத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

மெதுவானதைக் கண்டுபிடிக்க, அரை விநாடிக்கு மேல் ஓடும் குவெரிகளைப் பதிவேட்டில் எழுதும்படி 'லாக் மின் டியூரேஷன் ஸ்டேட்மென்ட்' அமைப்பை 500 என்று வையுங்கள். அகப்பட்ட குவெரிக்கு முன்னால் 'எக்ஸ்பிளைன் அனலைஸ்' சேர்த்து ஓட்டினால், சர்வர் எந்த வழியில் போனது, எங்கே நேரம் செலவானது என்று காட்டும். அது குவெரியை உண்மையிலேயே ஓட்டிப் பார்க்கும் என்பதால், நீக்கும் கட்டளையோடு சேர்த்துவிடாதீர்கள். டேபிளில் ஐம்பது வரிசை மட்டும் இருக்கும்போது இண்டெக்ஸைத் தொடாமல் முழு டேபிளையும் படிக்கும். அதுவும் சரியே, சிறிய டேபிளுக்கு அதுதான் வேகம்.

படி 10: பேக்கப், அதைவிட முக்கியமாக ரீஸ்டோர்

கையால் ஏதாவது திருத்தும் முன் 'பிகின்' என்று அடித்துத் தொடங்குங்கள். 'அப்டேட்' கட்டளை 3 வரிசைக்குப் பதில் 3000 வரிசை மாறியதாகச் சொன்னால் 'ரோல்பேக்' அடித்துத் திரும்பிவிடலாம். சரியாக இருந்தால் 'கமிட்'. இந்த ஒரு பழக்கம் பல பேக்கப்புகளுக்குச் சமம், ஆனால் வட்டே போனால் உதவாது.

சிறிய சர்வருக்கு, டேட்டாபேஸை ஒரு கோப்பாக எடுத்துத் தரும் 'பிஜி டம்ப்' தினமும் இரவு ஓடினால் போதும். '-எஃப்சி' என்ற விருப்பத்தோடு எடுத்தால், பின்னால் 'பிஜி ரீஸ்டோர்' மூலம் வேண்டிய டேபிளை மட்டும்கூட மீட்கலாம். எடுக்கும் நேரத்தில் மற்றவர்கள் வழக்கம்போல வேலை செய்யலாம், அது தொடங்கிய கணத்தின் சீரான படம் கிடைக்கும். பயனர் கணக்குகள் மட்டும் இதில் வராது. 'பிஜி டம்ப்ஆல்' கட்டளையை '--குளோபல்ஸ்-ஒன்லி' விருப்பத்தோடு ஓட்டித் தனியாக எடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் டேட்டா கோப்புறையை அப்படியே நகலெடுப்பது பேக்கப் ஆகாது, பாதி எழுதிய பக்கங்கள்தான் கிடைக்கும். எல்லா மாற்றங்களையும் உடனுக்குடன் நகலெடுக்கும் ரெப்ளிகா சர்வரும் பேக்கப் அல்ல. இங்கே தவறாக நீக்கினால் அங்கேயும் அதே விநாடியில் நீங்கும்.

எடுத்த கோப்பு அதே கணினியில் இருந்து பயனில்லை, வேறு இடத்துக்கு அனுப்புங்கள்.

2017 ஜனவரி 31 அன்று நிரல் சேமிப்புச் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டா கோப்புறையை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், பிஜி டம்ப் சில காலமாகவே ஓடாமல் இருந்தது. போஸ்ட்கிரெஸ் சர்வர் 9.6 பதிப்பு, டம்ப் கருவியோ பழைய 9.2, இரண்டும் ஒத்துப்போகவில்லை. பிழைச் செய்தி மின்னஞ்சல்கள் போய்ச் சேரவே இல்லை. தற்செயலாக ஒருவர் முன்னதாக எடுத்து வைத்திருந்த ஒரு நகலிலிருந்து மீண்டார்கள், சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது. அவர்களே இதையெல்லாம் மறைக்காமல் வெளியிட்டதால்தான் நமக்குத் தெரியும். பேக்கப் எடுக்கும் நிரல் தோற்றால் சத்தம் போட வேண்டும், வெற்றி பெற்றாலும் கோப்பின் அளவைச் சொல்ல வேண்டும்.

மாதம் ஒருமுறை, வேறு கணினியில் வெற்று டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்கி, நேற்றைய கோப்பை அதில் மீட்டுப் பாருங்கள். இரவல் டேபிளில் கடைசி வரிசை நேற்றையதுதானா என்று பாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்து வையுங்கள். சர்வர் விழுந்த அன்று எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

படி 11: திறந்துவிடும் முன்

போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்தாண்டு ஆதரவு உண்டு. உங்கள் பதிப்பின் கடைசி நாளை நாட்காட்டியில் எழுதிவிட்டு, செயலியின் கணக்கில் நுழைந்து வேண்டுமென்றே தவறு செய்யுங்கள். இல்லாத உறுப்பினருக்கு இரவல் பதியுங்கள். வெளியே போன பிரதியை மறுபடி கொடுங்கள். எடுத்த நாளுக்கு முன்பே திருப்பியதாக எழுதுங்கள். பெயரில்லாமல் ஓர் உறுப்பினரைச் சேருங்கள். இரவல் டேபிளில் ஒரு வரிசையை நீக்குங்கள். சம்பந்தமில்லாத இன்னொரு கணினியிலிருந்து 5432-க்கு இணைந்து பாருங்கள். ஆறுக்கும் மறுப்பு வர வேண்டும். எந்த ஒன்று சத்தமில்லாமல் உள்ளே போகிறதோ, அதற்குரிய படிக்குத் திரும்பிப் போங்கள்.

பிறகு உள்ளே இருக்கும் ஒரு பிரதியை, உண்மையான ஓர் உறுப்பினருக்கு, இன்றைய தேதியில் இரவலாகப் பதியுங்கள். இது மட்டும் போக வேண்டும்.